வேண்டாத சஞ்சிகைச் சந்தாவுக்குப் பணம் கேட்டு வரும் கடிதங்களை எதிர்கொள்ளும் முறை

சஞ்சிகை ஒன்றுக்கு நீங்கள் சந்தா சேரவே இல்லை, அல்லது ஒரு வருடம் எடுத்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள். இருந்தும், "நிலுவையை ஏழு நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற கடிதம் ஒருநாள் வீட்டுக்கு வந்து சேருகிறது. திருகோணமலையில் இத்தகைய கடிதங்கள் மூன்று வழிகளில் வருவதைக் காண்கிறேன். வெளியூரிலிருந்து வரும் விற்பனைப் பிரதிநிதிகள் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலும் அலுவலகங்களிலும் படிவங்களை நீட்டி, "இப்போது பணம் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும்" என்று கூறி ஒப்பம் வாங்கிச் செல்வது ஒரு வழி. வெளிநாட்டுச் சஞ்சிகையின் இணையத்தளத்தில் ஒரு மாத இலவசச் சந்தாவுக்காகப் பிள்ளைகள் பெற்றோரின் வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட, சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டு, அட்டையிலிருந்து பணம் எடுக்க முடியாமற் போனதும் அறவீட்டுக் கடிதமாக உருவெடுப்பது இன்னொரு வழி. லண்டனிலோ ரொறன்ரோவிலோ பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை அங்குள்ள அறவீட்டு நிறுவனங்களின் கடிதங்கள் பின்தொடர்ந்து வருவது மூன்றாவது.

கடிதத்தைப் பெறுபவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று அஞ்சி உடனே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இல்லையேல் கிழித்துப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். முதலாவது, இல்லாத கடனை இருப்பதாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அடுத்த வருடமும் அதே கடிதம் வரும். இரண்டாவது, பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் நேராவிட்டாலும், பத்தாவது தடவை உண்மையான நீதிமன்ற ஆவணமும் அந்தக் குப்பையோடு போய்விடக்கூடிய ஆபத்தை உடையது. செய்ய வேண்டியது இவ்விரண்டுமல்ல: கடன் இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை எழுத்தில் கேட்க வேண்டும். ஆதாரம் காட்டும் பொறுப்பு பணம் கேட்பவருடையதே தவிர, கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையதல்ல.

முதலில் கடிதத்தை அனுப்பியவர் யார் என்று பாருங்கள்

மேசையில் வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நிதானமாக வாசியுங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து உங்களுக்கு விளங்காவிட்டால், விளங்கிய ஒருவரிடம் முழுவதையும் மொழிபெயர்த்துச் சொல்லக் கேளுங்கள். "காசு கேட்டிருக்கிறார்கள்" என்ற சுருக்கத்தோடு திருப்திப்படாதீர்கள். உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வந்த கடிதத்தை உதாரணமாகச் சொல்லலாம். உறையில் சிவப்புப் பட்டை. உள்ளே தடித்த எழுத்தில் "இறுதி அறிவித்தல்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. டொலரில் ஒரு தொகை, அதன் கீழ் "நிர்வாகக் கட்டணம்" என்று இன்னொரு தொகை. சந்தா எப்போது தொடங்கியது என்ற திகதி எங்கும் இல்லை. அவருடைய பெயரின் முதலெழுத்துக்கூடப் பிழையாக இருந்தது. தாளின் பின்பக்கத்தில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கச் சிரமமான பொடி எழுத்தில், இது பில் அல்ல என்றும், இதை அனுப்பிய நிறுவனத்துக்கும் சஞ்சிகையின் வெளியீட்டாளருக்கும் நேரடித் தொடர்பில்லை என்றும் அச்சிட்டிருந்தார்கள். அதாவது, கடன் கேட்கும் கடிதத்தின் உடையை அணிந்து வந்த வெறும் விற்பனை விளம்பரம் அது. இத்தகையவற்றுக்குப் பதில் எழுத வேண்டியதுகூட இல்லை. ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

உண்மையில் பணம் கோரும் கடிதமானால், அதை அனுப்பக்கூடியவர்கள் நால்வர்: சஞ்சிகை வெளியீட்டாளர், அவருக்காகச் செயற்படும் அறவீட்டு நிறுவனம், சட்டத்தரணி, நீதிமன்றம். அறவீட்டு நிறுவனம் எவ்வளவு கடுமையான சொற்களைப் பயன்படுத்தினாலும் அதற்கு ஒரு தனியார் கடிதத்துக்குரிய வலு மட்டுமே உண்டு. சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வழக்குக்கு முந்திய படி. அதில் குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் அனுப்புவது அவசியம். நீதிமன்ற அழைப்பாணை முற்றிலும் வேறானது. நீதிமன்றத்தின் பெயர், வழக்கிலக்கம், முத்திரை, நீங்கள் தோன்ற வேண்டிய திகதி ஆகியவை அதில் இருக்கும். அந்தத் திகதியில் தோன்றாவிட்டால், உங்களிடம் எவ்வளவு நல்ல நியாயம் இருந்தாலும் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கப்படலாம். ஆகவே அழைப்பாணை என்று சந்தேகம் தோன்றினால், அன்றைக்கே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த வழக்கிலக்கத்தைக் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கடன் உண்டா, இல்லையா

உங்களுக்கு நீங்களே நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. ஒப்பந்தம் உண்டாக ஒருவர் முன்மொழிந்து மற்றவர் இணங்க வேண்டும், மௌனம் இணக்கமாகாது. "பதினான்கு நாட்களுக்குள் மறுக்காவிட்டால் நீங்கள் சந்தாதாரராகக் கருதப்படுவீர்கள்" என்று ஒரு பிரதியோடு துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டு, மறுக்கவில்லை என்பதற்காக ஒருவரைக் கடனாளியாக்க முடியாது. கேட்காமல் வந்த சஞ்சிகைக்கு நீங்கள் கடன்பட்டவரல்ல.

ஒப்பமிட்ட படிவம் இருக்குமானால் நிலைமை வேறு. அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, எவ்வளவு காலத்துக்கு, என்ன விலைக்கு, எப்படி நிறுத்தலாம் என்பவற்றைப் பார்க்க வேண்டும். இணையத்தில் "சம்மதம்" என்ற பெட்டியை அழுத்தியவர், "நான் கையெழுத்து வைக்கவில்லையே" என்று வாதிடுவதால் பயனில்லை; 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் அவ்வாறு செய்யப்பட்ட ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சம்மதித்தவர் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையானால், பெற்றோரின் இணக்கமின்றி அவர் செய்த ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு அதை எழுத்தில் தெரிவிக்கலாம். தந்தையோ தாயோ இறந்த பின் அவர் பெயருக்குக் கடிதம் வருமானால், மரணச் சான்றிதழின் பிரதியை அனுப்பிச் சந்தாவை நிறுத்தும்படி கோருங்கள். அந்தச் சந்தாவைத் தன் பெயருக்கு மாற்றுவதாக எந்தப் பிள்ளையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

ஆராய்ந்து பார்க்கையில் உண்மையாகவே சில மாதங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருப்பது தெரியவந்தால், அதைக் கொடுத்துவிடுவதே முறை என்பது என் கருத்து. விரும்பிப் பெற்ற பிரதிகளுக்கு உரிய விலையைக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் சொல்லப்படாத நிர்வாகக் கட்டணம், கடிதக் கட்டணம், தாமதக் கட்டணம் ஆகியவற்றை மறுத்துவிடுங்கள். பணத்தை வெளியீட்டாளருக்கே செலுத்துங்கள், அல்லது வெளியீட்டாளர் அந்த அறவீட்டு நிறுவனத்துக்கு அதிகாரம் அளித்திருப்பதை எழுத்தில் உறுதிசெய்த பின் செலுத்துங்கள். முழுத் தீர்வுக்காகவே செலுத்தப்படுகிறது என்று ஒரு வரி எழுதிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பதில் கடிதம்

கடிதம் குறுகியதாக இருக்க வேண்டும். கோபத்தைக் கொட்டுவதற்கும் குடும்பக் கஷ்டத்தை விவரிப்பதற்கும் அது இடமல்ல. பின்வரும் வாசகத்தை உங்கள் விடயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனமானால் இதையே ஆங்கிலத்தில் எழுதுவியுங்கள்.

"தங்களது (திகதி) கடிதம், தொடர்பு இலக்கம் (…) கிடைத்தது. அதில் குறிப்பிட்ட கடனை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் இணங்கியதாகக் கூறப்படும் ஒப்பந்தத்தின் பிரதி, இணங்கிய திகதி, கோரப்படும் தொகை கணக்கிடப்பட்ட விபரம், வெளியீட்டாளர் சார்பில் அறவிடத் தங்களுக்குள்ள அதிகாரம் ஆகியவற்றை எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது பெயரில் ஏதேனும் சந்தா இருப்பின், அதை இத்திகதியிலிருந்து நிறுத்துமாறும், இனிமேல் பிரதிகள் அனுப்ப வேண்டாம் என்றும் அறிவிக்கிறேன். இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகக் கொள்ளப்படலாகாது. தொலைபேசியில் உரையாட விரும்பவில்லை. தொடர்புகள் யாவும் எழுத்தில் இருக்க வேண்டும்."

"எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகக் கொள்ளப்படலாகாது" என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இலங்கையின் காலவிதிப்புச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அதன்படி, எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது ஆறு ஆண்டுகளுக்குள்ளும், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தின் மீது மூன்று ஆண்டுகளுக்குள்ளும், விற்றுக் கையளித்த பொருட்களின் விலைக்காக ஓர் ஆண்டுக்குள்ளும் வழக்குத் தொடுக்க வேண்டும். இந்தக் காலம் முடிந்துபோன பழைய சந்தாவுக்கும் கடிதம் வருவதுண்டு. அவ்வேளையில், "இப்போது வசதியில்லை, அடுத்த மாதம் பார்த்துத் தருகிறேன்" என்று மரியாதைக்காக எழுதும் ஒரு வரியோ, ஆளை அனுப்பிவிடுவதற்காகக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாவோ கடனை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டு, காலக்கெடு புதிதாக ஓடத் தொடங்கலாம். எங்கள் மனிதர்களிடம் முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கும் இயல்பு உண்டு. அறவிடுபவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான்.

தொலைபேசி அழைப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வங்கிக் கணக்கு விபரம் எதையும் சொல்ல வேண்டாம். "உறுதிப்படுத்துவதற்காக" என்று கேட்டாலும் வேண்டாம். அழைத்தவரின் பெயர், நிறுவனம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி அழைப்பை முடித்துவிடுங்கள்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெளியீட்டாளருக்கு ஒன்று, அறவீட்டு நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டாக அனுப்புவது நல்லது; பல சமயங்களில் சந்தா நிறுத்தப்பட்டதை வெளியீட்டாளர் அறவீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே இல்லை. ஒப்பமிட்ட கடிதத்தின் நிழற்பிரதியோடு தபாலகப் பற்றுச்சீட்டை இணைத்து வையுங்கள். மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதே கடிதத்தைப் படமெடுத்து அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பலாம். கொழும்பு நிறுவனத்துக்குத் தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக எழுதலாம், ஆயினும் விரைவாகப் பதில் கிடைக்க வேண்டுமானால் ஆங்கிலப் பிரதியொன்றையும் இணைப்பது நடைமுறைக்கு உகந்தது.

தொடர்ந்து வரும் பிரதிகள்

நிறுத்தச் சொன்ன பிறகும் சஞ்சிகை வந்தால் உறையைக் கிழிக்க வேண்டாம். பொலித்தீன் உறையோடு இருக்கும்போதே, முகவரியை மறைக்காமல், "ஏற்க மறுக்கப்பட்டது" என்று எழுதித் திகதியிட்டு ஒப்பமிட்டுத் தபாற்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததானால் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சர்வதேசத் தபால் முறையில், திருப்பி அனுப்பும் காரணத்தைக் குறிப்பதற்கென்று சிஎன் 15 என்ற ஒட்டுச்சீட்டு இருக்கிறது; "மறுக்கப்பட்டது" என்பதும் அதிலுள்ள காரணங்களில் ஒன்று. கொடுப்பதற்கு முன் உறையின் இரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் வீட்டில் ஆளில்லாவிட்டால் தபாற்காரர் அயல்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம் என்பதால், அயலவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது அவசியம். அவர் நல்லெண்ணத்தோடு வாங்கிப் பிரித்துப் பார்த்த பிரதியைப் பிறகு மறுக்க முடியாது. ஏற்கெனவே பிரித்த பிரதிகள் இருந்தால் அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்து, "உங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம்" என்று கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

அட்டையில் பணம் எடுக்கப்பட்டிருந்தால், சந்தாவை நிறுத்தும் கடிதத்தின் பிரதியோடு வங்கிக் கிளைக்குச் சென்று, அந்தக் குறிப்பிட்ட நிறுவனத்தின் அறவீட்டைத் தடுக்கும்படியும், அனுமதியின்றி எடுத்த தொகையை ஆட்சேபிப்பதாகவும் எழுதிக் கொடுங்கள். புதிய அட்டை வாங்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். புதிய அட்டையின் விபரம் அட்டை வலையமைப்பினூடாக வியாபாரிக்குப் போய்ச் சேரும் ஏற்பாடுகள் உள்ளன. ஆட்சேபனைக்குக் காலக்கெடு உண்டு என்பதால் மாதாந்தக் கணக்கறிக்கையைக் கண்டவுடனேயே போவது நல்லது.

மிரட்டல்கள்

"பொலிஸில் முறையிடுவோம்" என்பது அடிக்கடி வரும் மிரட்டல். சந்தா நிலுவை ஒரு குடியியல் விவகாரம். அதை வசூலித்துக் கொடுப்பது பொலிஸாரின் வேலையல்ல. "கிரிப்பில் பெயர் போய்விடும், இனி வங்கிக் கடன் எடுக்க முடியாது" என்பது இன்னொன்று. கிரிப் எனப்படும் இலங்கைக் கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அது வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்ற கடன் வழங்கும் நிறுவனங்களின் தகவல்களைத் திரட்டுவது. சஞ்சிகை விற்பவர் கடன் வழங்கும் நிறுவனமல்லர். சந்தேகமிருந்தால் உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெற்றுப் பார்க்கலாம்.

பாடசாலை அதிபருக்கோ அலுவலக மேலதிகாரிக்கோ சொல்லிவிடுவோம் என்று சொல்வது அரச உத்தியோகத்தர்களை உடனே பணியவைக்கும் மிரட்டல். இதற்கு மருந்து முந்திக்கொள்வதுதான்: அதிபரிடம் நீங்களே கடிதத்தையும் உங்கள் பதிலையும் காட்டிவிடுங்கள். அதன்பின் அந்த மிரட்டலுக்கு வேலையில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால், வாசலில் வைத்தே பேசுங்கள். நீதிமன்றக் கட்டளையுடன் வரும் பிஸ்கால் உத்தியோகத்தரைத் தவிர, அறவீட்டுக்காக உங்கள் வீட்டுக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ எவருக்கும் உரிமையில்லை.

வெளிநாட்டுக் கடிதங்கள்

கடிதம் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டின் சட்டத்தையே எடுத்துக்காட்டினால் அறவிடுபவர் தன் தொனியை மாற்றுவார். அமெரிக்காவில், கேட்காமல் தபாலில் அனுப்பிய பொருளைப் பெற்றவர் அன்பளிப்பாகக் கருதலாம் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்குள்ள 1977ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறவீட்டு நடைமுறைகள் சட்டத்தின்படி, முதல் அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால், கடனை உறுதிப்படுத்தும் ஆதாரத்தை அனுப்பும் வரை அறவீட்டு நிறுவனம் அறவீட்டை நிறுத்திவைக்க வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் பொதுவாக ஆறு ஆண்டுகள். கேட்காமல் அனுப்பிய பொருளுக்கு நுகர்வோர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும், 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கேட்காத பொருளுக்குப் பொறுப்பில்லை. அங்கு வழக்குக்கான பொதுவான காலம் இரண்டு ஆண்டுகள்.

ஜெர்மனியில் உறவினர் உள்ளவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். அங்கு அறவீட்டு நிறுவனத்தின் சாதாரணக் கடிதங்களைத் தொடர்ந்து, நீதிமன்றத்தின் கொடுப்பனவுக் கட்டளை மஞ்சள் உறையில் வரக்கூடும். உரிமைகோரல் உண்மையா என்று நீதிமன்றம் ஆராய்ந்து பார்க்காமலேயே, கோரியவரின் விண்ணப்பத்தின் பேரில் வெளியிடப்படும் கட்டளை அது. இரண்டு வாரங்களுக்குள் அதனுடன் உள்ள ஆட்சேபனைப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் கோரியவர் வழக்காடி நிரூபிக்க வேண்டி வரும். அனுப்பாவிட்டால், இல்லாத கடனும் நிறைவேற்றத்தக்க கடனாகிவிடக்கூடும். ஊருக்கு விடுமுறையில் வந்து தங்கும் அண்ணன், அக்காமார் தங்கள் தபால் பெட்டியை அங்கே யாராவது பார்க்க ஏற்பாடு செய்துவிட்டே வர வேண்டும். மஞ்சள் உறை வந்தால் அன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளூரில் முறையிடும் இடங்கள்

உள்நாட்டு நிறுவனம் ஆதாரம் அனுப்பாமல் மிரட்டலையே தொடர்ந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுங்கள். நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு தடைசெய்கிறது. "ஒரு கையெழுத்துப் போதும், கட்டணமில்லை" என்று சொல்லிப் படிவத்தில் ஒப்பம் வாங்கியதை இப்பிரிவின் கீழ் எழுதலாம். 1977 என்ற இலக்கத்தில் அழைத்து வழியைக் கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்திலேயே கொடுக்க வேண்டும், பொருளோ சேவையோ வழங்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கிருந்து அழைப்பு வந்தால் தவறாமல் செல்லுங்கள். சட்டத்தரணிகள் தோன்றி வாதாடும் இடமல்ல அது. நீங்களே உங்கள் தாய்மொழியில் சொல்லலாம். கடிதப் பிரதி, தபாலகப் பற்றுச்சீட்டு, மறுத்த உறையின் படம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் சொல்வதற்கு அதிகம் தேவைப்படாது. சபை முன்வைக்கும் தீர்வில் உடன்பாடில்லையெனில் ஒப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை. அழைப்பாணை வரை போய், சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தை நாடலாம். வருமானத்தைக் காட்ட கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை முன்கூட்டியே எடுத்துச் செல்வது ஒரு நாள் அலைச்சலைக் குறைக்கும்.

எல்லாக் கடதாசிகளையும், உறைகளையும் சேர்த்து, ஒரே கோப்பில் திகதி வரிசையில் வையுங்கள். கடிதம் எழுதப்பட்ட திகதிக்கும் உண்மையில் அனுப்பிய திகதிக்கும் வேறுபாடு இருந்தால் உறையிலுள்ள தபால் முத்திரைதான் காட்டிக்கொடுக்கும். கணினியில் அச்சிட்டுத் தரும் பற்றுச்சீட்டுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுவதால் வாங்கிய அன்றே நிழற்பிரதி எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பைக் கடைசிக் கடிதத்தின் திகதியிலிருந்து குறைந்தது ஆறு ஆண்டுகளுக்கு வைத்திருந்து, அது எந்த அலுமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.